அக்காவுக்குக் கொண்டுபோன சேலை

அப்போது நான் திருச்சிப் பக்கத்து ஆசிரியர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் படித்துக்கொண்டிருந்தேன். தோட்டப் பள்ளிக்கூடங்களில் ஒரு தவணை பாடம் நடத்திப் பழகட்டும் என்று எங்களில் எட்டுப் பேரை இலங்கைக்கு அனுப்பினார்கள். மற்ற ஏழு பேருக்கும் கடல் தாண்டுகிற குஷி. எனக்கு ஒரே நினைப்புதான். பத்து வருடங்களுக்கு முன் கல்யாணமான கையோடு தேயிலைத் தோட்டத்துக்குப் போன என் அக்கா, கொட்டகலையிலிருந்து இரண்டே மைலில் இருந்தாள்.

அம்மா ஒரு துணிப்பை கொடுத்துவிட்டிருந்தாள். உள்ளே ஒரு சேலை, மஞ்சள், குங்குமம். "யார்கிட்டயும் குடுத்து விடாத. கூடப் பொறந்தவன் நீ, ஒங் கையால குடு" என்று ரயிலடி வரைக்கும் வந்து சொன்னாள். கல்யாணத்துக்குப் பிறகு தாய்வீட்டுச் சேலை ஒன்றுகூட அக்காவுக்குப் போய்ச் சேரவில்லை.

திங்கட்கிழமை கொட்டகலையில் இறங்கினோம். கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் ஜாகை. பெட்டியை வைத்ததும் வைக்காததுமாகக் கீழே ஓடிப்போய்க் கடை முதலாளியிடம் தோட்டத்துக்கு வழி கேட்டேன். அவருக்கும் பூர்வீகம் எங்கள் சீமைதான்.

"வழியெல்லாம் நேர் வழிதான் தம்பி. ஆனா தொரை உத்தரவு இல்லாம கூலியாளுங்க குடியிருக்கிற லயத்துப் பக்கம் போயிடாதீங்க. அத்துமீறி நொழைஞ்சதாப் போலீசுல புடிச்சுக் குடுத்துருவாங்க."

"எங்கக்கா வீட்டுக்குப் போறதுக்கா?"

"அக்கா வீடு இல்லீங்க தம்பி அது. தொரையோட லயம்."

ஞாயிற்றுக்கிழமையாவது அவள் கடைவீதிக்கு வருவாளா என்று கேட்டேன். அந்தத் தோட்டத்துக்குள்ளேயே கடை இருக்கிறதாம். தீபாவளிக்குத்தான் பெண்கள் வெளியே வருவார்களாம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஜெயிலில்கூடப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். என் அக்கா என்ன குற்றம் செய்தாள்? கொழுந்து பறித்தாள், அவ்வளவுதான்.

எங்களோடு வந்த வாத்தியார் பயந்த மனிதர். தோட்டத்தைப் பார்க்க உத்தரவு கேட்டு அவர் துரைக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதினார். அக்காவைப் பற்றி ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்.

"கூலியாளோட தம்பின்னு தெரிஞ்சா நம்ம எல்லாரையுமே உள்ள விடமாட்டான்டா. வாய மூடிக்கிட்டு இரு" என்றார்.

வியாழக்கிழமை பதில் வந்தது. சனிக்கிழமை வரலாம். பள்ளிக்கூடத்தையும் தொழிற்சாலையையும் பார்க்கலாம். விருப்பமிருந்தால் துரையின் குதிரைகளையும் பார்க்கலாம். லயங்களுக்குள் மட்டும் போகக்கூடாது. குதிரையைப் பார்க்கலாம், அக்காவைப் பார்க்கக்கூடாது! அதை எங்களுக்குப் படித்துக் காட்டிவிட்டு, "எவ்வளவு தாராள மனசு பாருங்க" என்று வாத்தியார் வேறு சொன்னார். இன்றைக்கும் அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சனிக்கிழமை எல்லோரும் கோட்டும் தொப்பியும் போட்டுத்தான் வர வேண்டும் என்பது வாத்தியாரின் கட்டளை. அப்போதுதான் மதிப்பார்களாம். தலைக்குப் பெரிதான ஓர் இரவல் தொப்பி எனக்கு வாய்த்தது. துணிப்பையைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டேன். தோட்டத்து மலை வேலைகளை மேற்பார்க்கிற கண்டாக்கு முன்னால் நடக்க, தூறலில் நாங்கள் பின்னால் போனோம்.

ஒரு வளைவில், கொழுந்துக் கூடைகளோடு பெண்கள் வரிசையாக எதிரே வந்தார்கள். எங்கள் தொப்பிகளைக் கண்டதுதான் தாமதம், அத்தனை பேரும் ரோட்டை விட்டு, ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடுகிற கானுக்குள் இறங்கினார்கள். மழைக்குத் தலையில் போட்டிருந்த கம்பளியை இழுத்து இறக்கிவிட்டு, கணுக்கால் அளவு ஓடுகிற தண்ணீரில் தலை குனிந்து நின்றார்கள். துரைமார் வந்தால் அப்படித்தான் நிற்க வேண்டுமாம். போன மாதம் வரை பெஞ்சில் ஏறி நின்ற எட்டுத் தடியன்களுக்காக, எங்கள் அம்மா வயதுப் பெண்கள் நனைந்துகொண்டு நின்றார்கள். எங்களில் இரண்டு பேர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்ததையும் பார்த்தேன். ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது.

ஐந்தாவதாக நின்றவளின் முன்கையில் பச்சை குத்திய தேள். அதைக் குத்தும்போது அவள் போட்ட கூச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊதிவிட்டவன் நான்.

"அக்கா" என்றேன்.

அவள் நிமிரவில்லை. "சலாங்க தொரை" என்றாள்.

தொப்பியைக் கழற்றிவிட்டு நானும் கானுக்குள் இறங்கினேன். அவள் பதறிப்போனாள்.

"ஐயோ, மேல ஏறுங்க தொரை, சேறுங்க!"

"நாந்தாங்கா. ஒந் தம்பி. அம்மா அனுப்பிச்சிச்சு."

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ சட்டென்று கண்டாக்கு போன பக்கம் பார்த்தாள்.

"தொப்பியப் போடுடா" என்றாள், அடிக்குரலில். "ரோட்டுல ஏறி நில்லு. தொரை கணக்கா நின்னா ஒன்னய ஒன்னும் கேக்க மாட்டாங்க. எங்கூட இங்க நின்னா என்னயத் தோட்டத்த விட்டே வெரட்டிருவாங்க."

ஏறினேன். தொப்பியையும் போட்டுக்கொண்டேன். என்மேல் எனக்கே அடங்காத ஆத்திரம். கண்டாக்கு திரும்பி எங்களைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.

அம்மா சொன்னபடி என் கையால்தான் கொடுத்தேன். நான் ரோட்டில் நின்று நீட்டினேன். அக்கா கானுக்குள் நின்று இரண்டு கைகளையும் ஏந்தி வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டு, கண்டாக்குக்குக் கேட்கும்படி மறுபடியும் உரக்கச் சொன்னாள்:

"சலாங்க தொரை."