டெஸ்லியின் பையில் ஒரு ஃபியூஸ்

ஆஸ்திரேலியாவில் குளோன்கரி ஊருக்கு மேற்கே தபால் வண்டி ஓட்டும் மெர்வின் ஹிக்ஸின் முகத்துக்கு இரண்டு வயதுகள் இருந்தன. இடக் கன்னத்துக்கு ஐம்பத்தெட்டு. ஓட்டுநர் ஜன்னலை ஒட்டிய வலக் கன்னத்துக்கு எழுபது. இருபத்தாறு ஆண்டுகளாக, வாரம் இருமுறை, நானூறு கிலோமீட்டர் செம்மண் பாதையில் வெயில் அந்தக் கன்னத்தைத்தான் தின்றது. இந்த ஆண்டு இரண்டாம் முறையாக அதில் புற்றுக்கட்டியை வெட்டி எடுத்த மருத்துவர், "கண்ணாடிக்கு வெயில் தடுக்குற ஃபிலிம் ஒட்டி, ஜன்னலை ஏத்தியே ஓட்டுங்க. முடியலைன்னா வண்டி ஓட்டுறதையே விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டார்.

தபாலை விட்டுவிட்டு வீட்டில் உட்காரும் தம்மை மெர்வினால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அன்றே டெஸ்லியின் பட்டறைக்குப் போனார். ஊரில் பாதிக் கார்களுக்கு ஃபிலிம் ஒட்டியவள் அவள். சோப்புத் தண்ணீர் தெளித்து, ஃபிலிமைப் பரப்பி, ரப்பர் பட்டையால் நீரை வழித்துத் தள்ளினாள். முடிவில் ஜன்னல் பொத்தானின் மேல் மஞ்சள் டேப் ஒட்டினாள்.

"உள்ளே ஈரம் காயணும், மெர்வ். அஞ்சு நாளைக்கு ஜன்னலை இறக்கக் கூடாது."

"நான் என்ன பச்சப்புள்ளையா?"

அந்தப் பாதையில் எதிரெதிரே வரும் வண்டிகள் நடுச்சாலையில் நின்று, ஜன்னலை இறக்கி, மழை, மாடு, மகள் கல்யாணம் எல்லாம் பேசிவிட்டுத்தான் பிரியும். நிற்காமல் போனால் பகை என்று பொருள். மூன்றாம் நாள், மாட்டுப் பண்ணைக்காரர் கிளாரியின் வண்டி எதிரே வந்து நின்றது. மெர்வினின் விரல் டேப்போடு சேர்த்தே பொத்தானை அழுத்தியது. "என்னப்பா கிளாரி" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் ஃபிலிம் ஜன்னல் விளிம்பு ரப்பரில் சிக்கிச் சுருண்டது.

மறுநாள் பட்டறையில் தலைகுனிந்து நின்றார்.

"வாங்க, பச்சப்புள்ள!" என்றாள் டெஸ்லி.

"திட்டும்மா, நல்லா திட்டு. கை சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது. பேசாம தபாலை விட்டுடலாம்னு..."

"கை பண்ணுன தப்புக்குத் தபாலை ஏன் விடணும்?"

பழைய ஃபிலிமை உரித்துப் புதியதை ஒட்டினாள். பிறகு ஜன்னலுக்குரிய ஃபியூஸைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"இப்ப அழுத்துங்க பார்ப்போம்!"

அடுத்த பயணத்தில் கிளாரி மீண்டும் வண்டியை நிறுத்தினார். மெர்வின் பொத்தானை அழுத்தினார், ஒன்றும் நகரவில்லை. கண்ணாடிக்குள்ளிருந்து கையை ஆட்டிக் கத்தினார். கிளாரி இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, இடப்பக்கக் கதவைத் திறந்தார்.

"என்னய்யா, என் மேல கோவமா?"

"உன் மேல எனக்கென்ன கோவம்? டெஸ்லி ஜன்னல் ஃபியூஸைப் புடுங்கி வச்சுக்கிட்டா."

கிளாரி வயிறு குலுங்கச் சிரித்தார். தபால் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அட, உள்ளே குளுகுளுன்னு இருக்கே! என் வண்டி அடுப்பு மாதிரி கொதிக்குது. இனிமே பேச்சு இங்கேதான்."

ஆறாம் நாள் டெஸ்லி ஃபியூஸை நீட்டினாள். மெர்வின் அதை வாங்கவில்லை.

"உன்கிட்டயே இருக்கட்டும்மா. கையை நான் இன்னும் நம்பல."

மறுநாள் விடியலில் புறப்படும்முன், இடப்பக்க இருக்கையிலிருந்த தபால் பையை எடுத்துப் பின்னிருக்கையில் வைத்தார். இருக்கையின் செம்மண் தூசியையும் நன்றாகத் தட்டிவிட்டார்.