இரண்டு பட்டு வேட்டிகள்

சென்னை போகும் ரயிலில் என் எதிரே, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில், சோமனூர்த் துணி ஏற்றுமதியாளர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கைபேசித் திரையைத் துண்டால் துடைத்துத் துடைத்து, ஹாலந்தில் தான் போய்வந்த ஒரு கல்யாணத்தின் படங்களைக் காட்டினார். மணமக்கள் இருவரும் ஆண்கள். இருவருக்கும் பட்டு வேட்டி.

“நாந்தானுங்க எடுத்துட்டுப் போய்க் கட்டியுட்டேன். நமக்கு ஆர்டர் குடுக்கறவங்க. தங்கமான மனுசங்க.”

“உங்க பையனுக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்களா?” என்றேன்.

முகம் சுருங்கியது. “அவனத் தலைமுழுகிப்போட்டமுங்க. சிங்காநல்லூர்ல இன்னொரு பையங்கூடக் குடும்பம் நடத்தறான். நம்மூருக்கு இதெல்லாம் ஆகுமுங்களா?”

கேட்டுவிட்டு, மறுபடி திரையைத் துடைத்து, வேட்டிக் கரையைப் பெரிதாக்கிக் காட்டினார்.

அந்தப் பையனிடம் எனக்குத் தெரிந்த குறை ஒன்றுதான்: அவன் அப்பாவுக்கு ஆர்டர் கொடுக்கவில்லை.