போன பல்லுக்கு என்ன அவசரம்

என் சகலைக்கு முன்பல் எல்லாம் நல்ல வரிசை. சகலை என்றால் என் பெண்டாட்டியின் தங்கச்சி புருஷன். கார் நிக்கோபார் தீவில் ஆபீஸ் வேலை. எனக்கு ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில், கப்பலிலிருந்து வீசுகிற கயிற்றை வாங்கிக் கட்டுகிற வேலை. என் பல் கைனிப் புகையிலை போட்டுக் கறுத்தது.

அவன் கல்யாணத்தில் போட்டோக்காரர் எங்களை வரிசையாக நிறுத்தினார். அவனிடம், "சார், நல்லா சிரிங்க" என்றார். என்னிடம், "அண்ணே, நீங்க வாய மூடிக்கோங்க" என்றார். சிப்பிகாட்டில் இருக்கிற மாமியார் வீட்டு டிவிக்கு மேலே அந்தப் போட்டோ இருக்கிறது. மாமியார் அவனை மாப்ள என்பார். என்னைப் பெரியவ வீட்டுக்காரர் என்பார்.

அந்த வருஷம் மழை தொடங்கினதிலிருந்து எனக்குக் கடைவாய்ப் பல் வலி. கிராம்பு வைத்தேன். மாத்திரை போட்டேன். வெளியே சொல்லவில்லை. பெண்டாட்டியே கண்டுபிடித்து ஒரு பல் கிளினிக்கில் நம்பர் போட்டு வந்தாள். நம்பர் கிடைத்த அன்றைக்குத்தான் சகலையும் லீவில் வந்தான்.

காலை ஒன்பதரைக்கு அவன் வந்த கப்பலைக் கட்டினோம். என்னைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டே படி இறங்கினான். இன்னொரு கையில் பெட்டி. படி ஈரம். கால் வழுக்கிக் கைப்பிடிக் கம்பியில் வாய் மோதியது. முன்பல் ஒன்று வேரோடு வந்து என் காலடியில் விழுந்தது.

எடுத்தேன். மண்ணும் எண்ணெயும் ஒட்டியிருந்தது. குழாயில் காட்டி, கட்டை விரலால் தேய்த்தேன். வேரில் ஒட்டியிருந்த சதையை நகத்தால் சுரண்டினேன். சுத்தம் செய்வதாகத்தான் நினைத்தேன். அதில் சூது இல்லை.

டீ விற்கிற பெங்காலி பார்த்துவிட்டுக் கத்தினார். "அரே, மத் ரகடோ. தூத் மே டாலோ. ஜல்தி லே ஜாவோ பையா." தேய்க்காதே, பாலில் போடு, சீக்கிரம் கொண்டு போ என்றார். அவர் மகளுக்கு அப்படித்தான் பல் திரும்ப ஒட்டியதாம். ஒரு கிளாஸில் பாலும் ஊற்றி நீட்டினார்.

காதில் விழுந்தது. இவன் பல்லுக்குப் பால் வேறயா என்றிருந்தது. "அச்சா, அச்சா" என்று சொல்லிவிட்டுப் பல்லைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் போட்டேன். கிளாஸ் அவர் கையிலேயே இருந்தது.

அதோடு விடவில்லை. "இன்னொரு கப்பல் வருது. கட்டிட்டுப் போலாம்" என்றேன். கட்ட வேறு ஆள் இருந்தான். சகலை வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு பெட்டி மேல் உட்கார்ந்திருந்தான். தலையை மட்டும் ஆட்டினான்.

கிளினிக் போகும்போது பதினொன்றரை. என் நம்பர் அடுத்தது. வாசலில் இருந்த பொண்ணு எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "இதுல யாருக்கு அர்ஜென்ட்?" என்றது.

சகலை என்னைக் காட்டினான். கைக்குட்டைக்குள்ளிருந்து, "அண்ணனுக்கு. ரொம்ப நாளா வலி" என்றான். பெருந்தன்மை.

"உங்களுக்கு என்ன ஆச்சு?"

நான் முந்திக்கொண்டேன். "அவனுக்கு வலி இல்லம்மா. அடிபட்டுப் பல்லு போச்சு. போன பல்லுக்கு என்ன அவசரம்."

பை மேல் கை வைத்துக்கொண்டுதான் சொன்னேன். பல் என்னிடம் இருக்கிறது என்று சொல்லவில்லை. உள்ளே போய் நாற்காலியில் சாய்ந்தேன்.

டாக்டரம்மா பல்லைத் தட்டினாங்க. காய்ச்சல் உண்டா? இல்லை. கன்னம் வீங்கிச்சா? இல்லை. வாய் நல்லா திறக்குதா, எச்சில் முழுங்க முடியுதா? முடியுது. எல்லாத்துக்கும் ஒன்றுமில்லை என்று சொல்லச் சொல்ல எனக்கு அவமானமாக இருந்தது.

"சொத்தைதான். இப்ப நான் கேட்டதுல ஏதாவது வந்தா உடனே ஓடி வரணும். இப்போதைக்கு மாத்திரை போடுங்க, அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

"வலி உயிர் போகுதும்மா."

"தெரியுது. ஆனா வலி ஜாஸ்தின்னா அவசரம் ஜாஸ்தின்னு இல்ல."

எழுந்தேன். அப்போதுதான் சொன்னேன். "வெளிய என் சகலை. முன்பல்லு வேரோட வந்துருச்சு. இங்க இருக்கு."

காகிதத்தைப் பிரித்தேன். டாக்டரம்மா எழுந்து நின்றுவிட்டாங்க.

"எப்ப விழுந்துச்சு?"

"ஒம்பதரை."

"ரெண்டு மணி நேரமாவா? காஞ்சே போச்சே. வேரை யாரு சுரண்டினது?"

"நான்தான்."

"இதுதாங்க அவசரம். அரை மணிக்குள்ள வந்திருந்தா..." சகலையை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாங்க. பல்லைத் திரும்பச் செருகிப் பக்கத்துப் பல்லோடு கம்பி போட்டாங்க. எத்தனை நாள் நிற்கும் என்று சொல்ல முடியாது என்றாங்க.

அவன் ஊரெல்லாம் என்ன சொன்னான் தெரியுமா? அண்ணன் மட்டும் இல்லன்னா பல்லு மண்ணோட போயிருக்கும் என்று. மாமியார் எனக்கு இரண்டாவது மீன் துண்டு வைத்தார். தின்றேன்.

அந்தப் பல் ஒரு வருஷம் நின்றது. பிறகு ஆட ஆரம்பித்தது. எடுத்துவிட வேண்டும் என்றார்கள். துணைக்கு என்னைத்தான் கூப்பிட்டான். கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது சொன்னேன்.

"அன்னிக்கு டீக்காரர் பால்ல போடச் சொன்னாரு. நான் போடல."

"தெரியும்ணே. நானும் அங்கதான இருந்தேன்."

"ஏன் சொல்லல?"

"வாய் நெறைய ரத்தம். எதால சொல்றது?" சிரித்தான். பிறகு, "நீங்க ஏதோ கோவத்துல இருந்தீங்க. என்னன்னு தெரியல" என்றான்.

ஒரு வருஷம் தெரிந்துகொண்டே என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான். என்னால் முடியாது. இதிலும் என்னை ஜெயித்துவிட்டான்.

கூப்பிட்டார்கள். போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். சீக்கிரமே பஞ்சைக் கடித்துக்கொண்டு வந்தான். பல்லைப் பஞ்சில் வைத்துக் கொண்டு வந்திருந்தான். என் கையில் கொடுத்தான்.

கறுத்திருந்தது. வேர் கரைந்து பாதிதான் இருந்தது. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் நகம் பட்ட இடம் எது என்று தெரியவில்லை.