வேர்நுனி

1. ஆய்வகத்தில் நெல் நாற்று ஒன்றைப் பிடுங்கினேன்.
2. நுண்ணோக்கியில் அதன் வேர்நுனியிலிருந்து செல்கள் உதிர்ந்தன. உதிரும் அளவுக்கு உள்ளே புதியவை உருவாகும் என்று எனக்குத் தெரியும்.
3. ஆனாலும் நாற்றை அவசரமாகத் திரும்ப மண்ணில் நட்டேன்.

எட்டு வயதில், குத்தாலம் பக்கத்து எங்கள் குத்தகை வயலில் மிராசுதாரின் ஆட்கள் நட்ட நாற்றையெல்லாம் பிடுங்கிப் போட்டார்கள். அம்மா அதையே திரும்ப நட்டாள். எந்த வயலில் யார் பயிர் செய்கிறார் என்று அதிகாரி அடங்கல் கணக்கு எழுத வரும்போது பயிர் நிற்காவிட்டால் நிலம் போய்விடும். பயத்தில் நான் தினமும் ஒரு நாற்றைப் பிடுங்கி, வேர் பிடித்ததா என்று பார்த்தேன். ஒருநாள் வேர்நுனி கழன்று விரலோடு வந்துவிட்டது.

“அவனுங்க பிடுங்கினது பத்தலன்னு நீ வேற கெளம்பிட்டியா?” என்றாள் அம்மா.

“வேர் செத்துடுச்சாம்மா?”

“நீ கைய வெக்காம இருந்தா சாவாதுடி.”

அதிகாரி வரும்வரை நான் சரியாகத் தூங்கவில்லை. பயிர் பிழைத்தது, அடங்கலில் அப்பா பெயர் ஏறியது. மிராசுதார் போட்ட வழக்கு இன்னும் நடக்கிறது. நிலத்தை இப்போது அண்ணன் உழுகிறான்.