மூன்று மாமன்களும் ஒரு பொது இயந்திரமும்

பிறர் குடும்பத்தைப் பற்றிக் கேள்வி கேட்டுப் பிழைக்கும் தொழிலில் முதலில் கிடைப்பது காபி. உண்மை பிறகுதான், அதுவும் கேட்கிற முறையைப் பொறுத்து. குடிக்கணக்கு எடுத்த ஆசிரியர்களுக்கும், வரன் விசாரிக்கப் போய்த் திரும்பியவர்களுக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை. தொண்ணூறுகளில் மைசூரில், மருத்துவ ஆய்வுகளுக்காகப் பல துறைகள் சேர்ந்து நடத்திய மரபணு ஆய்வகம் ஒன்றில் எனக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது. கீழே வருகிறவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன், பேச்சை மாற்றவில்லை.

நான்கு மரங்கள்

அதுவரை என் வேலை, ஒரே கதையை ஊருக்கு ஊர் எப்படி மாற்றிச் சொல்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பதிப்பிப்பது. எந்த வடிவத்தையும் தள்ளக் கூடாது என்பது அத்துறையின் ஒழுக்கம். கொள்ளேகால், ஹனூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் வம்சாவளியை வரைய ஆள் தேடிய ஆய்வகத் தலைவர் டாக்டர் சுமித்ரா, என்னை அழைத்துக்கொண்டார். அவருக்கு மேல்கோட்டைப் பூர்விகம், வீட்டில் தமிழ்தான்.

முதல் குடும்பத்துக்கு நான் நான்கு வரைபடங்கள் கொடுத்தேன். தகப்பன் சொன்னது, தாய் சொன்னது, பங்காளிகள் சொன்னது, பக்கத்து வீட்டார் திருத்தியது, ஒவ்வொன்றுக்கும் அடிக்குறிப்பு. டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “சார், ரத்தத்துக்குப் பாடபேதம் கிடையாது. இதுல எந்த மரத்தை நான் நம்பறது, சொல்லுங்கோ!”

முறை யாருடையது

டி.என்.ஏ.வைப் பெருக்கும் இயந்திரம் ஒன்றே ஒன்று. குழந்தை மருத்துவம், நோய்க்குறியியல், மானிடவியல் எல்லாருக்கும் அதுவே. அடுத்த முறை தன்னுடையது என்று இரண்டு பேராசிரியர்கள் ஒருநாள் நடைவழியில் நின்று கன்னடத்தில் தொடங்கி ஆங்கிலத்தில் முடித்தார்கள். இரத்த மாதிரிகள் வைத்த ஐஸ் பெட்டியைக் கையில் ஏந்தியபடி நடுவில் மாட்டிக்கொண்ட தொழில்நுட்பர் மஞ்சுநாத், அவர்கள் போனதும் என்னிடம் தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: “ரேஷன் கடை பரவாயில்ல சார். அங்கே க்யூவில நின்னா அரிசி கெட்டுப் போகாது.”

சரோஜா கேட்டது

மைசூர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த சரோஜா, வேலை முடிந்து நேராக எங்களிடம் வந்தாள். ஹனூர்க் குடும்பம். பல் பிடுங்கிய பிறகு இரத்தம் நிற்காமல் அவள் தம்பி இறந்திருந்தான். இரத்தம் உறையாத அந்தக் குறை ஆண்களைத் தாக்கும். பெண்கள் பெரும்பாலும் தமக்கு ஒன்றும் இல்லாமலே அதைச் சுமந்து மகன்களுக்குக் கொடுப்பார்கள். தான் சுமக்கிறாளா என்பதை நிச்சயதார்த்தத்துக்கு முன்பு அவள் அறிய வேண்டும்.

டாக்டர் நிலைமையை மறைக்கவில்லை. பெற்றோர் இரத்தம் மட்டும் போதாது. ஒப்பிட்டுப் பார்க்க, தாய் வழியில் அந்நோயுள்ள ஓர் ஆண் உயிரோடு வேண்டும். தம்பியோ போய்விட்டான். அப்படி யாரும் இல்லாவிட்டால் சோதனையே இல்லை. சரோஜா எழுந்து துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். “ஆமாம்னாலும் சரி, இல்லைன்னாலும் சரிங்க. தெரியாம நான் கழுத்தை நீட்ட மாட்டேன்.”

விசாரிப்பு வடிவம்

அவள் தாய் ராமாயி அம்மாளிடம் வம்சாவளி கேட்டேன். உடன்பிறந்தவர் இருவர், நல்ல திடகாத்திரம், நிலம் நீச்சு உண்டு, பரம்பரை வியாதி எதுவும் கிடையாது என்று தடையில்லாமல் வந்தது. தடையில்லாமல் வருவதை நான் நம்புவதில்லை. குலம், உறவு, வியாதி என்று நாங்கள் கேட்ட வரிசை, மாப்பிள்ளை வீட்டார் கேட்கிற அதே வரிசை. ஆகவே அவர்களுக்கென்று வைத்திருந்த வடிவத்தையே எங்களுக்கும் சொல்கிறார்கள். பொய்யில்லை, சந்தர்ப்பத்துக்கு ஏற்ற பதிப்பு.

சந்தர்ப்பத்தை மாற்றினால் பதிப்பும் மாறும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. டாக்டருக்கு இருந்தது. “கேட்டதையே திருப்பிக் கேட்டா திட்டி அனுப்பிடப் போறா சார், ஜாக்கிரதை!”

கத்தரி

அடுத்த முறை நான் வியாதியைப் பற்றி வாய் திறக்கவில்லை. சரோஜாவும் பக்கத்தில் இருக்க, ராமாயி அம்மாளிடம் அவர் தகப்பனாரின் சாவைப் பற்றிக் கேட்டேன். சாவுக்கு வந்தவர்களை யாரும் குறைத்துச் சொல்ல மாட்டார்கள். அது மரியாதைக் கேடு. ராமாயி அம்மாள் பந்தலிலிருந்து தொடங்கினார். கொள்ளி வைத்தது, மழை வந்தது, மகன்கள் மொட்டை போட உட்கார்ந்தது: “மூணு பேரும் வரிசையா உக்காந்தாங்க. பெரியவனுக்கும் நடுவலவனுக்கும் மழிச்சாங்க. சின்னவனுக்குக் கத்தி வைக்கக் கூடாதுன்னு கத்தரியில நறுக்கி...”

அங்கே நின்றார். நான் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தேன். அதற்குமேல் கேட்க எனக்கு உரிமை இல்லை. சரோஜாவுக்கு இருந்தது. தாய் வாயாலேயே வரட்டும் என்று அதுவரை காத்திருந்தவள், “பழனி மாமாவைச் சொல்லும்மா,” என்றாள். தாய் அவள் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “அவனச் சொன்னா உன்னை எவன்டி கட்டுவான்?”

கையைப் பிடித்தவர்

தாய் கடைசியில் தலையசைத்த பிறகு, சரோஜாவே நஞ்சன்கூட்டுக்குப் போய் மாமன் பழனிசாமியை அழைத்து வந்தாள். சைக்கிள் நிறுத்துமிடத்தில் சீட்டுக் கொடுக்கும் மனிதர். முழங்கால்கள் வீங்கி மடங்காமல் இருந்தன. இயந்திரத்தின் அன்றைய முறையை, சண்டையிட்ட பேராசிரியர்களில் ஒருவர் தாமாகவே விட்டுக்கொடுத்தார். அது நாளேடுகளில் வராத அதிசயம்.

மஞ்சுநாத் மெல்லிய ஊசியால் இரத்தம் எடுத்து, குத்திய இடத்தை அழுத்திப் பிடித்தார். சுவர்க்கடிகாரம் நகர்ந்தது, அவர் விரல் நகரவில்லை. பழனிசாமி பொறுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். “எனக்குத்தான் யாரும் பொண்ணு குடுக்கலீங்களே. இத்தனை நேரம் என் கையைப் பிடிச்சவரு இந்தத் தம்பி ஒருத்தருதானுங்க!”

முடிவு

சரோஜா சுமக்கிறாள் என்று தெரிந்தது. டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார்: மகன் பிறந்தால் வரவும் வரலாம், வராமலும் போகலாம், கருவிலேயே சோதிக்க வழியுண்டு, அதற்குரிய இடங்களைச் சொல்கிறேன். ராமாயி அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சரோஜா, மாப்பிள்ளையிடம் தானே சொல்லப்போவதாகச் சொன்னாள். மறுவாரம் அவனையும் கூட்டி வந்தாள். அவன் வியர்த்துக்கொண்டே, நாங்கள் எதிர்பார்த்ததைவிட நல்ல கேள்விகளைக் கேட்டான். போகும்போது தாயிடம் அவள் சொன்னது என் காதில் விழுந்தது: “இனிமே எல்லாருக்கும் ஒரே கதைதான்மா.”

அழைப்பிதழ்

சில மாதம் கழித்துப் பழனிசாமி காலை இழுத்துக்கொண்டு மாடியேறி வந்து, மூலைகளில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையை எங்கள் மேசையில் வைத்தார். தாய்மாமன்கள் என்ற இடத்தில் மூன்று பெயர்கள். நான் படித்து முடிக்கும்வரை காத்திருந்து, கடைசிப் பெயரின் மேல் விரலை வைத்தார். “எழுத்து நல்லாத் தெரியுதுங்களா? பெருசாப் போடச் சொல்லிச் சண்டை புடிச்சேனுங்க.”

வாய்மொழியை மட்டுமே நம்பி வாழ்ந்த நான், அந்தக் குடும்ப மரத்தின் திருத்தமான பதிப்பை வெளியிட்டது ஹனூரில் ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சகம்தான் என்று அடிக்குறிப்பு எழுத வேண்டியதாயிற்று.