கதிர் அறைக்குள் வந்த பதில்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான்கு நாளாக யோசித்தேன். கதை விடுகிற ஆள் இல்லை நான். என் மனைவியைக் கேளுங்கள், "அவருக்குப் பொய் சொல்லக்கூடச் சோம்பல்" என்பாள். நடந்தது ராத்திரியில்கூட இல்லை. பட்டப்பகல். 2.40 மணி.

பெரிய மின் நிலையங்களில் சுவிட்சுகளுக்குள் ஒரு வாயுவை அடைத்து வைப்பார்கள். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. காற்றைவிட ஐந்து மடங்கு கனம்; பள்ளத்தில் தேங்கினால் உள்ளே இருப்பவனுக்கு மூச்சு முட்டிவிடும். பூமியைச் சூடாக்குவதில் வண்டிப் புகையெல்லாம் அதன் கால்தூசி பெறாது. பழசாகிப்போன அந்த வாயு சிலிண்டர்களில் எங்களிடம் வரும். கதிர் பாய்ச்சி அதை உடைப்போம். உடைந்து வருவதைச் சுண்ணாம்பு நீரில் கழுவி அடக்குவோம். அதுதான் என் வேலை.

கதிர் அறைக்கு இரண்டு மீட்டர் தடிமனில் கான்கிரீட் சுவர். ஜன்னல் இல்லை. கதிர் ஓடும்போது உள்ளே ஆள் மாட்டினால் பிழைக்க மாட்டான். அதனால் ஒரு விதி. சுவிட்ச் போடும் முன் ஒருவர் உள்ளே போய் மூலைக்கு மூலை பார்த்து, "யாராவது இருக்கீங்களா?" என்று மூன்று முறை கத்த வேண்டும். இருபத்திரண்டு வருடமாகக் கத்துகிறேன். ஒரு நாளும் பதில் வந்ததில்லை.

அன்று மூன்று சிலிண்டர்கள் வந்திருந்தன. முதலாவதைக் கதிர் அறைக் குழாயில் மாட்டினோம். என்னோடு வேலை பார்ப்பவனை எல்லோரும் மிமிக்ரி என்றுதான் கூப்பிடுவோம். அந்த வாயுவைக் கொஞ்சம் இழுத்தால் குரல் தடித்துவிடும். ஒருமுறை இழுத்துவிட்டு மேனேஜர் மாதிரிப் பேசி, மேனேஜரிடமே மாட்டியவன்.

உள்ளே போனேன். கத்தினேன். இரண்டாவது முறை. மூன்றாவது...

"இருக்கேண்ணே."

தடித்த குரல். தரையோடு தரையாக வந்தது.

"டேய், விளையாட்டுக்கும் ஒரு அளவு இருக்கு!" என்று திட்டிக்கொண்டே வெளியே வந்தேன். மிமிக்ரி கண்ட்ரோல் ரூமில் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"நான் இங்கதான இருக்கேன்? காது டாக்டரப் பாருங்கண்ணே. வயசாகுதுல்ல."

இருவரும் போய்த் தேடினோம். குழாய்க்குப் பின்னால். மேடைக்கு அடியில். யாருமில்லை. கதவை மூடினோம்.

2.58. சுவிட்ச் மேல் விரல். ஒருவேளை உள்ளே ஆள் இருந்தால்...

"போடுங்கண்ணே. ரெண்டு பேரும் பாத்தாச்சே" என்றான் மிமிக்ரி.

போட்டேன்.

3.04. உள்ளே இருக்கும் மைக் எங்கள் ஸ்பீக்கரில் கரகரத்தது.

"அண்ணே..."

மிமிக்ரியின் டீ கொட்டியது. என் கை சிவப்பு பட்டனுக்குப் போனது. கேமராவில் பார்த்தேன். அறை காலி.

"நிறுத்தாதீங்கண்ணே..."

கை அப்படியே நின்றது.

3.11. வாயு பாதியாகியிருந்தது. குரல் மெலிந்திருந்தது.

"இழுங்கண்ணே..."

3.19. பத்தில் ஒரு பங்கு மிச்சம். இப்போது சாதாரணக் குரல். சின்னப் பையன்தான். இருபது, இருபத்திரண்டு வயதிருக்கும்.

3.26. மீட்டரில் பூஜ்யம்.

"அண்ணே... மேல வந்துட்டேனா?"

மிமிக்ரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. பயம்கூட வரவில்லை.

மைக்கை அழுத்தினேன்.

"வந்துட்ட தம்பி."

அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

5.10க்குக் காலி சிலிண்டரை எடுக்க லாரி டிரைவர் வந்தார். அந்த மூன்றையும் கொண்டுவந்தவர் அவர்தான். எங்கிருந்து ஏற்றினீர்கள் என்று கேட்டேன்.

"மூடிப்போன மின் நிலையம் சார். கேஸ் கசிஞ்சு ஒரு குழிக்குள்ள நின்னுருக்கு. தெரியாம ஒரு பையன் இறங்கிட்டான்."

"கூப்பிடலையா?"

"கூப்பிட்டானே. இழுங்கண்ணே, இழுங்கண்ணேன்னு. குரல் தடிச்சு வந்துச்சா... விளையாடுறான்னு நெனச்சு மேல நின்னவங்க சிரிச்சாங்க."

தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்த்தார். திரும்பக் கட்டினார்.

"நானும் லோடுக்கு அங்கதான் நின்னேன் சார். நானும்தான் சிரிச்சேன்."

குழியில் நின்ற வாயுவையும் உறிஞ்சித்தான் அந்த மூன்று சிலிண்டர்களிலும் அடைத்தார்களாம்.

நான்கு நாளாக இயந்திரம் சர்வீஸில் இருந்தது. மீதி இரண்டையும் நாளை காலை 9.30க்கு மாட்டச் சொல்லியிருக்கிறார் மேனேஜர். விதிப்படி நான் உள்ளே போய் மூன்று முறை கேட்க வேண்டும்.

மேலே வந்துவிட்டாய் என்று நான்தான் அவனிடம் சொன்னேன்.