ஒரு பெயரில் இரண்டு பேர்

துறைமுக வாசலில் விடிந்ததும் மேஸ்திரி பெயர் கூப்பிடுவார். கூட்டத்திலிருந்து "கீறேன்" என்று குரல் வந்தால் போதும், முகத்தைப் பார்க்கமாட்டார். என் அப்பா அங்கே மூட்டை தூக்கியவர். அவர் போன பிறகு அவர் இடத்தில் என் பெயர் ஏறியது. எட்டாவது வரை படித்திருந்தும் வேறு வேலை தேடிப் போகவில்லை. நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவன் நான்.

பக்கத்துக் குடிசைக்காரனின் கட்டுமரம் ஒரு புயலில் போய்விட்டது. அவனுக்குச் சின்னச் சின்னப் பிள்ளைகள். ராயபுரத்தில் எங்கள் பக்கம் ஒரு பெயரை இரண்டு வீடுகள் பங்கு போட்டுக்கொள்வது வழக்கம். ஒருநாள் நான் போவேன். மறுநாள் அவன் என் பெயருக்குக் குரல் கொடுத்து உள்ளே போவான். மேஸ்திரிக்கும் இது தெரியும். மூட்டை இறங்கினால் அவருக்குச் சரி. வெளியே நிற்கிற நாளில் நான் தண்டையார்பேட்டை கிடங்கில் கிழிந்த கோணி தைப்பேன், அவன் கைவண்டி இழுப்பான். கேட்டுக்கு எதிரே கூழ் விற்றவர்கள், சிந்திய தானியத்தைக் கூட்டிப் புடைத்து விற்றவர்கள் என்று எந்த ஆபீசிலும் எழுதாத வேலைகளில்தான் எங்கள் தெரு சாப்பிட்டது.

பிறகு ஒரு பேச்சு வந்தது. கூலிகளை நிரந்தரமாக்கப் போகிறார்களாம், பெயர் உள்ளவனுக்குக் கழுத்தில் மாட்டிக்கொள்ளப் பித்தளை வில்லை தருவார்களாம். ஒரு பெயருக்கு ஒரு வில்லை. நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை.

துறைமுக ஆபீசிலிருந்து கைநாட்டு எடுக்க வந்த அன்று அவன் முறை. கட்டைவிரலை வைத்திருந்தால் வேலை என்றைக்கும் அவனுடையது. உச்சி வெயிலில் கிடங்குக்கு ஓடிவந்தான்.

"இன்னா குந்திகினு கீற? கைநாட்டு வாங்கிகினு கீறாங்க. எழுந்திரு."

"நீ வெச்சிட்டியா?"

"நான் வெச்சா நான்தான் நீயாயிடுவேன். அப்பால உன் பொண்டாட்டி எனக்கு சோறு போடும், என் பொண்டாட்டி தொடப்பத்தத் தூக்கும். பேஜாரு வேணாம் நைனா, வா."

கோணி தைத்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். 'நீயே வைத்துக்கொள்' என்று சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் நினைத்தேன். சொல்லவில்லை. கூச்சத்தால்தான் வாய் வரவில்லை என்று வெகுநாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் மையில் விரலை வைத்தபோது அது நடுங்கவே இல்லை.

இப்போது வில்லையையும் முகத்தையும் பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள். அவனுக்குத் தினமும் கைவண்டிதான். சம்பளத்தன்று அவன் வீட்டுக்கு அரிசி கொடுத்தனுப்பினேன். திரும்பி வந்தது.

காலையில் அவன் வண்டியைத் தாண்டும்போது வில்லையைச் சட்டைக்குள் விட்டுக்கொள்வேன். ஒருநாள் அதைப் பார்த்துவிட்டான்.

"இன்னாத்துக்கு மறைக்கிற? வெளிய எடுத்துப் போடு. கேட்டாண்ட நிக்கிறவன் உள்ள வுடலன்னா, நம்ம ரெண்டு பேருக்குமே வேலை இல்லாம பூடும்."

வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டேன். அவனைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனேன்.